ஆளுக்கொரு நீலம், ஆளுக்கொரு மஞ்சள்

திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடவில்லை. கறுப்புத் திரையின் நடுவில் ‘தொடர்பு இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தது. வெளியே மழை. கல்லுமலைத் தோட்டத்துத் தொழிற்சாலையின் தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில், பக்கத்தில் நிற்கிற ஆளோடு பேசுவதற்கே கத்த வேண்டியிருந்தது. கத்துவது எனக்குக் கஷ்டமான காரியமில்லை.

“எப்ப இருந்து இப்படி இருக்கு?”

“நேற்றுப் பின்னேரம் ஒரு இடி விழுந்தது, பிள்ளை. அதோட போச்சுது,” என்றார் யோகேஸ்வரன். தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து இந்த மலையிலேயே தலை நரைத்தவர்.

“நேத்தே சொல்லியிருக்கலாமே?”

“எதில சொல்லுறது? போன் கோபுரமும் செத்துப்போச்சு. கொழுந்து லொறிக்காரனிட்டச் சொல்லி அனுப்பித்தான் உங்களைப் பிடிச்சனாங்கள்.”

அதற்குமேல் அவரைக் கோபிக்க வழியில்லை. பையை இறக்கி வைத்தேன்.

இந்தத் தோட்டம் இரண்டு பிரிவு. ஓடைக்கு அந்தப் பக்கம் மேற்கணக்கு. இந்தப் பக்கம், தொழிற்சாலையோடு சேர்ந்து, கீழ்க்கணக்கு. போன வருஷப் பெருமழையில் மேற்கணக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே மலை வெடிப்பு விட்டது. கொழும்பிலிருந்து வந்த அதிகாரிகள் வெடிப்பின் குறுக்கே ஒரு கம்பியைக் கட்டிவிட்டுப் போனார்கள். மண் நகர்ந்தால் கம்பி இழுபடும். எவ்வளவு இழுபட்டது என்ற அளவு மேற்கணக்குப் பிள்ளைக்காம்பராவிலுள்ள ஒரு பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஃபைபர் கேபிளில் ஓடையைத் தாண்டித் தொழிற்சாலைக்கு வரும். அளவு மிஞ்சினால் திரை சிவக்கும், தொழிற்சாலைச் சங்கு தானாக ஊதும். சங்கு ஊதினால் மேற்கணக்கு ஆட்கள் அத்தனை பேரும் லயத்தை விட்டுப் பாறைமேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். பெட்டிகளையும் கேபிளையும் பொருத்திக் கொடுத்தது ஹட்டனிலுள்ள எங்கள் கடை. பொருத்திய கை என்னுடையது.

பிள்ளைக்காம்பரா என்பது, தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அங்கே அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் நிலக்ஷி, என் அக்கா. வெடிப்புக்கு நேர் கீழே, ஊர்ப் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். 

“அங்க ஆள் அனுப்பினீங்களா?”

“காலம ஒராள் போனவர். ஓடை பெருகிக் கிடக்கு, கடக்கேலாதெண்டு திரும்பி வந்திட்டார். மற்றப் பக்கத்தால சுத்திப் போற றோட்டில டர்பன்டைன் மரம் முறிஞ்சு கிடக்கு. இப்பதான் வெட்டுறாங்கள்.”

“அப்ப சங்கை ஊதுங்க ஐயா. கையால ஊதலாம்தானே? சாவி உங்க கிட்டத்தான இருக்கு?”

அவர் இடுப்புச் சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எடுக்கவில்லை.

“திரை சிவக்கேல்லையே, பிள்ளை.”

“திரையே இல்ல! எப்படிச் செவக்கும்?”

“கேளுங்கோ. முந்தி ரெண்டு தரம் பொய்யா ஊதினது. ஒருக்கா காட்டுப் பண்டி வந்து கம்பியில மோதினது. மற்றது கரண்ட் போய் வந்ததில. ரெண்டு தரமும் சனம் சட்டி பானையோட மழையில ஓடிச்சுது. அண்டைக்கு எல்லாருக்கும் அரைநாள் சம்பளம், அரைப்பேர்தான் விழுந்தது. அடுத்த நாள் காலம வேலை பிரிக்கிற பெரட்டில என்னை நடுவில விட்டு வளைச்சுப் பிடிச்சுக் கேட்ட கேள்வியள் எனக்குத்தான் தெரியும். திரை சிவந்தால்தான் ஊதுறது எண்டு கோயிலடியில வைச்சுக் கதைச்சு முடிவெடுத்தது. இப்ப இன்னொருக்காப் பொய்யா ஊதினால், பிறகு மெய்யா ஊதேக்க ஒருத்தரும் அசைய மாட்டினம். எனக்கும் பிள்ளையள் இருக்கு. நான் வேணுமெண்டு மறிக்கேல்ல.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல் மேல் எரிச்சலாக வந்தது. நியாயம் இல்லாத ஆளாக இருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பேன்.

“நான் ஒருக்காப் பாத்துட்டுச் சொல்றேன்,” என்றேன். “முடியலன்னா ஊதுவீங்களா?”

“முடியேல்லை எண்டால் ஊதுறன்,” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்டியைத் திறந்தேன். மின்சாரம் இருந்தது. உள்ளே எல்லா விளக்கும் எரிந்தது, மேலேயிருந்து வரும் கேபிள் செருகியிருக்கிற வாய்க்குப் பக்கத்திலுள்ள ஒரே ஒரு விளக்கைத் தவிர. அந்த வாயில்தான் மொடியூல் இருக்கிறது. சுண்டுவிரல் அளவு தகரக் கூடு. செய்தியை ஒளியாக்கி ஃபைபருக்குள் அனுப்பும், வருகிற ஒளியைத் திரும்பச் செய்தியாக்கும். இழுத்தால் கழன்று வரும், இன்னொன்றைச் செருகலாம். இடி விழுந்தால் முதலில் சாகிறதும் இதுதான். அதனால் போன தரம் வந்தபோதே மாற்றுக்கு ஒன்று பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தேன். கையை விட்டுத் துழாவினேன். இல்லை.

“இங்க ஒரு சின்ன டப்பாவில மஞ்சக் கைப்பிடி போட்டது ஒண்ணு வச்சேனே, எங்க ஐயா?”

“அது கமலேஸ்வரியிட்ட இருக்கும். தோட்டத்துப் பொருள் எண்டு தலைவி எடுத்துக்கொண்டு போனவ.”

“எதுக்கு?”

“எனக்கென்ன தெரியும்? உங்கட ஆக்களின்ர வழக்கம்.”

ஆள் விட்டுக் கூப்பிடச் சொன்னேன். கமலேஸ்வரி கீழ்க்கணக்குத் தொழிலாளர்களின் தலைவி. அவர் வரும்வரை சும்மா நிற்க என்னால் முடியாது. பையைக் கவிழ்த்து, இருந்த மொடியூல்களையெல்லாம் மேசையில் பரப்பினேன். பார்வைக்கு எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம். குணம் வேறு வேறு.

முதலாவது, சாதாரண வலையமைப்பு வயர் செருகுகிறது. ஒரு கட்டடத்துக்குள்ளே ஓடும் செம்புக் கம்பிக்குச் சரி, மலையேறாது. தூக்கி ஓரமாகப் போட்டேன். அடுத்தது கறுப்புக் கைப்பிடி. ஃபைபருக்குத்தான், ஆனால் தடித்த இழைக்கு, கிட்டத் தூரத்துக்கு. மேற்கணக்கிலிருந்து வருகிற மெல்லிய இழையில் அதன் குரல் ஏறாது. மூன்றாவது, பத்து மடங்கு வேகமானது. வாயில் சரியாகப் போய் உட்காரும், கிளிக் என்று சத்தமும் போடும், ஆனால் இந்தப் பழைய பெட்டி அதை ஏறெடுத்தும் பார்க்காது. பார்க்கவும் இல்லை.

நான்காவது, நல்ல தூரம் போகிற ஜாதி. இரண்டு துளை: ஒன்றில் பேசும், மற்றதில் கேட்கும். அதற்கு இரண்டு இழை வேண்டும். எங்கள் கேபிளில் முதலில் இரண்டு இழை நன்றாகத்தான் இருந்தன. போன வருஷம் ஓடைக்கரை சரிந்தபோது ஒன்று அறுந்துபோய், மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதனால்தான் ஒற்றைத் துளை ஜாதியைப் போட்டேன். அது சோடியாகத்தான் வரும். நீலக் கைப்பிடிக்காரன் ஒரு நிறத்தில் பேசி இன்னொரு நிறத்தில் கேட்பான். மஞ்சள் கைப்பிடிக்காரன் அதற்கு நேர் எதிர். ஒரே இழையில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாகப் பேசிக்கொள்ளலாம். மேலே நீலம், கீழே மஞ்சள் போட்டேன். மாற்றுக்கும் அதே மாதிரி, மேலே ஒரு நீலம், கீழே ஒரு மஞ்சள் வைத்தேன்.

பெட்டியிலிருந்த மஞ்சளைக் கழற்றி, கேபிள் நுனியை ஒளி அளக்கிற மீட்டரில் வைத்தேன். மேலேயிருந்து ஒளி வந்தது. நல்ல பலமாகவே வந்தது. எனக்கு மூச்சு வந்தது. இழை அறவில்லை; மேலே இருக்கிற பெட்டி உயிரோடு இருக்கிறது; பிள்ளைக்காம்பரா இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

அப்படியென்றால் கெட்டது என் பக்கத்து மஞ்சள்தான். அதையும் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். அதுவும் பேசியது! மேலே இருப்பவன் பேசுகிறான், கீழே இருப்பவனும் பேசுகிறான், ஒருவன் சொல்வது மற்றவன் காதில் விழவில்லை. தொழிற்சங்கக் கூட்டமே தோற்றுப்போகும். திரும்பச் செருகினேன். விளக்கு எரியவில்லை. துடைத்துச் செருகினேன். எரியவில்லை. கேட்கிற பாகம் மட்டும் இடியில் செத்திருக்க வேண்டும் என்று நினைத்து, அதன் மேல் சத்தியமே செய்யத் தயாராக இருந்தேன்.

மழை இன்னும் வலுத்தது. சன்னலுக்கு வெளியே ஓடை தெரியவில்லை, அதன் உறுமல் மட்டும் கேட்டது. மேற்கணக்கு இருக்கிற திசையில் வெறும் வெள்ளைப் பனிமூட்டம். “இன்னும் பாக்கிறீங்களோ?” என்று யோகேஸ்வரன் இரண்டாவது தடவை கேட்டார்.

“பாக்காம? ஊஞ்சலா ஆடுறேன்?”

அவர் போய்க் கதவோரம் நின்றுகொண்டார்.

கமலேஸ்வரி தலையில் ஒரு உரப்பையை மடித்துப் போட்டுக்கொண்டு நனைந்து வந்தார். மடியிலிருந்து ஒரு சிவப்புத் துணி முடிச்சை எடுத்தார். அதற்குள் இன்னொரு முடிச்சு. பிரிக்கப் பிரிக்க எனக்கு உயிர் போனது.

“பத்திரமா வச்சிருந்தேன் தங்கச்சி. யாரையும் தொட விடல.”

உள்ளே இருந்தது நீலம்.

“இது என்னாங்க தலைவி? நீலம்! நான் மஞ்சளுல்ல வச்சேன்? எங்க அது?”

“மஞ்சள மேக்கணக்குக்குக் குடுத்தாச்சே.”

“குடுத்தாச்சா? யாரு குடுத்தது?”

“கத்தாதீங்க. நீங்க போன அன்னிக்கே மேக்கணக்குச் சிவசாமி தலைவரு வந்துட்டாரு. ‘கீழ்க்கணக்குக்கு ரெண்டும் மஞ்சளு, எங்களுக்கு ரெண்டும் நீலமா? எது ஒசத்தின்னு சொல்லுங்க’ன்னு ஒரே சண்டை. தீவாளிச் சேலையில இருந்து கம்பளி வரைக்கும் எங்களுக்குள்ள எப்பவும் இப்படித்தானே. ஒரு பக்கத்துக்கு ஒண்ணு கூடக் கொறைய இருந்தா ஊரே நிக்கும். அதான் கோயில் முன்னுக்கு வச்சு, ரெண்டு பக்கத்து ஆளுங்களும் பாக்க, ஆளுக்கொரு நீலம், ஆளுக்கொரு மஞ்சள்னு பிரிச்சுக்கிட்டோம். எங்களோடத நான் வச்சிருக்கேன். அவங்களோடத ஒங்க அக்கா கையில குடுத்து, ‘இது கணக்குச் சொத்து, தொலைஞ்சா நீதான் பதில் சொல்லணும்’னாரு தலைவரு. கோயில் வாசல்ல வாங்குன பொருளு, வெளையாட்டா?”

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.  என் மூளை ஒரு தட்டுத் தட்டி நின்றது.

மாற்றுக்கு வைத்த மஞ்சள் மேலே போயிருக்கிறது. நேற்று இடி விழுந்தபோது மேலே இருந்த நீலம்தான் செத்திருக்கிறது. விளக்கு அணைந்தால் கழற்றிவிட்டு மாற்றுக்கு வைத்ததைச் செருகு என்று அக்காவுக்கு நான்தான் காட்டிக் கொடுத்திருந்தேன். செருகியிருக்கிறாள், அவள் கையிலிருந்த மஞ்சளை. இப்போது மேலேயும் மஞ்சள், கீழேயும் மஞ்சள். ஒரே நிறத்தில் இரண்டு பேரும் பேசினால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

“குடுங்க அத!”

கமலேஸ்வரி கொடுப்பதற்கு முன்பே பிடுங்கிவிட்டேன். என் பக்கத்து மஞ்சளை இழுத்துப் போட்டுவிட்டு, நீலத்தைச் செருகி, கேபிளைக் குத்தினேன். அவசரத்தில் முதல் தரம் உள்ளே போகவில்லை. இரண்டாம் தரம் போனது. விளக்கு எரிந்தது.

திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. பச்சைக் கோடு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது சிவப்பு. கோடு திரையின் உச்சியில் முட்டிக்கொண்டு, அதற்குமேல் போக இடமில்லாமல் நின்றது. யாரும் எதையும் தொடவில்லை. தலைக்கு மேலே சங்கு தானாக அலறத் தொடங்கியது.

“கடவுளே,” என்றார் யோகேஸ்வரன். ஓடிப்போய்ச் சாவியைப் போட்டுக் கைச் சுவிட்சையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அது தேவையே இல்லை, இருந்தாலும் விடவில்லை.

திரையின் மூலையில் ஒரு சின்னப் படம் வந்தது. பிள்ளைக்காம்பரா வாசலுக்கு மேலே ஒரு கமரா வைத்திருக்கிறோம். மழையில் கலங்கலாகத் தெரிந்தது. லயத்துக் கதவுகள் திறந்தன. ஆட்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஓடினார்கள். கிழவர்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மேலே மலையிலிருந்து கொழுந்துப் பெண்கள் கூடையோடு இறங்கி வந்து பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைந்து, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். கடைசியாக அக்கா வந்தாள். இரண்டு இடுப்பிலும் இரண்டு பிள்ளைகள்.

“ஓடுடி,” என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். அவளுக்குக் கேட்காது என்று தெரியும்.

அவள் வாசலில் நின்றாள். இரண்டு பிள்ளைகளையும் யாரோ ஒருத்தியிடம் கொடுத்தாள். திரும்பி உள்ளே போனாள்.

“எதுக்கு? எதுக்குப் போறா? உள்ள இன்னொரு புள்ள இருக்கா?” கமலேஸ்வரியின் கையை நான் எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. அவரும் என் கையை இறுக்கிக்கொண்டிருந்தார். வாசல் காலியாக இருந்தது. மழை மட்டும் பெய்தது. வா வா வா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

படம் போய்விட்டது. கோடும் போய்விட்டது. மொடியூல் விளக்கு அணைந்தது. கறுப்புத் திரையில் மறுபடியும் ‘தொடர்பு இல்லை’.

பெட்டியை அடித்தேன். கேபிளைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். மேலேயிருந்து ஒளி வரவில்லை. துளிகூட வரவில்லை. மீட்டரைத் துடைத்து மறுபடி வைத்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மழைக்கும் சங்குக்கும் கீழே, தரைக்குள்ளிருந்து வருகிற மாதிரி, வெகு நேரம் நீடித்த ஒரு சத்தம். மேசையிலிருந்த மொடியூல்கள் எல்லாம் கிலுகிலுவென்று ஆடின.

எனக்கு அதற்குப் பிறகு ஒழுங்காக ஞாபகமில்லை. கத்தினேன் என்று சொல்கிறார்கள். என்னைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது யோகேஸ்வரன் என்பது மட்டும் தெரியும். “பிள்ளை, பிள்ளை” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் அழுதார்.

மழை விட்டுப் பிடித்த நேரத்தில் றோட்டில் கிடந்த மரத்தை வெட்டி அகற்றினார்கள். கொழுந்து லொறியில் நானும் கமலேஸ்வரியும் ஏறிக்கொண்டு சுற்று வழியாகப் பாறைமேட்டுக்குப் போனோம். வளைவில் திரும்பியபோது மேற்கணக்கு தெரிந்தது. மலை வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கியிருந்தது. முன்பக்கத்து லயம் இல்லை. பிள்ளைக்காம்பரா இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. நான் லொறித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். 

பள்ளிக்கூட வாசலில் சிவசாமி தலைவர் நின்று ஆட்களைக் குடும்பம் குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் கம்மிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். “சங்கு ஊதுச்சும்மா. எல்லாரும் வந்துட்டோம். ஒருத்தரும் கொறையல,” என்றார்.

“அக்கா?”

அவர் உள்ளே கையைக் காட்டினார்.

அக்கா கடைசி வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். தலைமுதல் கால்வரை சேறு. மடியில் ஒரு குழந்தை தூங்கியது. அவளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, ஆத்திரம்.

“உள்ள எதுக்குடி திரும்பப் போன? எந்தப் புள்ளைய விட்டுட்ட?”

“புள்ளைங்க எல்லாம் மொதல்லயே வந்துருச்சுங்க. நேத்து அந்த வெளக்கு அவிஞ்சப்பவே நீ சொன்ன மாதிரி மாத்திட்டேன் பிரேமினி. வெளக்கு மட்டும் வரல. சரி, கீழ தேயிலை ஸ்டோருல ஏதோ வேல நடக்குதுன்னு நெனச்சேன். சங்குதான் ஊதலியே, பயமில்லன்னு இன்னிக்கும் புள்ளைங்கள தூங்கத்தான் வச்சுக்கிட்டு இருந்தேன்.”

“நான் கேட்டது அது இல்ல. எதுக்கு உள்ள போன?”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் கைப்பிடி மொடியூல். ஒரு சொட்டுச் சேறு படாமல் துணியில் சுற்றியிருந்தது. பெட்டியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். என் திரை கறுத்தது மலை விழுந்ததால் அல்ல. இவள் கழற்றியதால். மலை அதற்குப் பிறகுதான் விழுந்திருக்கிறது. எவ்வளவு பிறகு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“இந்தத் தகரத்துக்காகவா? நீ செத்திருந்தா? இது போனா ஹட்டன் கடையில இன்னொண்ணு இருக்குடி!”

“அது எனக்கெப்படித் தெரியும்? கோயில் வாசல்ல வச்சு என் கையில குடுத்தாங்க. எங்க கணக்குக்கு ஒண்ணு கொறஞ்சா அப்புறம் கீழ்க்கணக்குக்காரங்க என்ன பேசுவாங்க?” என்றாள். அப்போதுதான் எனக்குப் பின்னால் கமலேஸ்வரி நிற்பதைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

 கமலேஸ்வரி தன் தோளிலிருந்த கம்பளியை எடுத்து அக்காவையும் குழந்தையையும் சேர்த்துப் போர்த்திவிட்டார். பிறகு அவள் கையிலிருந்த மஞ்சளை வாங்கினார். வாசலுக்குப் போய்ச் சிவசாமி தலைவரின் உள்ளங்கையில் அதை வைத்து, அவருடைய விரல்களை மூடினார்.

“தலைவரே,” என்றார். “இதுக்குத்தான் நம்ம புள்ள திரும்ப உள்ள போச்சு.”

சிவசாமி கையைத் திறந்து பார்த்தார். பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்தார்.